வீட்டுக்கு ஒரு காற்றடிக்கும் மெஷின்

காலையில் அவசரமாகக் கிளம்பும்போது டயர் காற்று இறங்கிக் கிடந்தது, அன்றைக்கே சின்ன ஏர் கம்ப்ரசர் ஒன்று வாங்கிவிட்டேன். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 150 பிஎஸ்ஐ என்கிற காற்றழுத்த அளவைப் பார்த்து மயங்காதீர்கள். கார் டயருக்கு 30, 35 போதும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளுகிறது என்பதுதான் முக்கியம், அது குறைவாக இருந்தால் ஒரு டயருக்கே வெகு நேரம் நிற்க வேண்டும், மோட்டாரும் சூடாகிவிடும். பேட்டரி மாடல் கைக்கு அடக்கம்தான், ஆனால் தேவைப்படும் நேரத்தில் சார்ஜ் இருக்காது என்று பயந்து, காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகுகிற வகையை எடுத்தேன். வயர் பின் டயர் வரை எட்டுமா, பாருங்கள். அப்புறம், பழைய சைக்கிளுக்கு வால்வு வேறு, தனி அடாப்டர் வேண்டும். டயர் ஆறியிருக்கும்போதே காற்று அடியுங்கள், ஓடின சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டும்.