வாசலில் முளைத்ததெல்லாம் மூலிகை

கோவையில் வடவள்ளிப் பக்கம் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். தென்மேற்குச் சாரல் ஓய்ந்து ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வாசல் காடாகிவிடும். எங்கள் வீட்டில் கேட்டிலிருந்து போர்டிகோ வரை பேவர் பிளாக் பதித்திருக்கிறோம். "புல்லே முளைக்காதுங்க" என்று பதித்தவர் சத்தியம் செய்துவிட்டுப் போனார். அந்தக் கல் மட்டும்தான் இன்னும் முளைக்கவில்லை. இடுக்கெல்லாம் அருகம்புல், மதில் ஓரம் பார்த்தீனியம், பின்னால் காய்கறிப் பாத்தியில் கோரை. காரிலிருந்து இறங்கினால் புடவை முழுக்க நாயுருவி விதை ஒட்டுகிறது என்று மனைவி இறுதி எச்சரிக்கை விடுத்தபோது நான் உரக்கடைக்குக் கிளம்பினேன்.

"எத்தனை ஏக்கருங்க?" என்றார் கடைக்காரர்.

"ஏக்கர் இல்லைங்க. கார் நிறுத்துற இடம்."

பக்கத்தில் மஞ்சளுக்கு மருந்து வாங்க நின்ற பெரியவரும் கடைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஆனால் மனிதர் பொறுமையாகத்தான் சொன்னார். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இலை வழியாக உள்ளே போய் வேர் வரை இறங்கும். பச்சையாக எது நின்றாலும் காய்ந்துவிடும், ரோஜாவென்றும் பார்க்காது. அடித்த மறுநாளே வந்து "மருந்து சரியில்லை" என்று சண்டை போடக்கூடாது, ஒரு வாரம் பத்து நாள் ஆகும். மண்ணில் பட்டால் வீரியம் போய்விடும், அதனால் கலங்கல் தண்ணீரில் கலக்கக்கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஆனா நீங்களா அடிக்கக் கூடாதுங்க" என்று முடித்தார். அவர் சொன்னது சரிதான். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் வரவழைக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. அப்படி இல்லை என்று சொல்லும் அரசு அமைப்புகளும் உண்டு. வாதம் எப்படியோ போகட்டும், 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மூலமாக மட்டுமே இதைத் தெளிக்கலாம் என்று அறிவிக்கை போட்டது.

பாராகுவாட் என்று ஒன்று அடுக்கில் இருந்தது. பட்ட இடம் சில மணி நேரத்தில் கருகும், வேருக்குப் போகாது. மனிதன் குடித்துவிட்டால் முறிவு மருந்தே கிடையாது. பேரப்பிள்ளைகள் வந்துபோகிற வீட்டில் அந்தப் புட்டியை எந்த அலமாரியில் வைப்பது? அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை. அடுத்து 2,4-டி. அது அகன்ற இலைச் செடிகளை மட்டும் தாக்கும், புல் அசையாமல் நிற்கும். காற்றில் கொஞ்சம் பறந்தாலும் தக்காளி இலை சுருண்டுகொள்ளும். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் மதிலுக்கு அந்தப் பக்கம் பைகளில் தக்காளிதான் வளர்க்கிறார். ஒவ்வொரு காயையும் எண்ணி வைத்திருப்பவர். வெறுங்கையோடு திரும்பினேன்.

அந்த வங்கி மேலாளரே வாட்ஸ்அப்பில் ஒரு வழி அனுப்பினார். வினிகர், உப்பு, பாத்திரம் கழுவும் திரவம். அவர் வாசலிலேயே அடித்துக் காட்டினார். மறுநாள் மத்தியானம் இலையெல்லாம் பழுப்பு. தெருவையே கூப்பிட்டுக் காட்டினார், தெருவே ஊறுகாய் ஜாடிக்குள் இருப்பதுபோல மணந்தது. அடுத்த மழைக்குக் கோரை முன்பைவிடத் தெம்பாக எழுந்து நின்றது. சமையல் வினிகரில் அசிட்டிக் அமிலம் நாலைந்து சதவீதம்தான், மேலே தெரிகிற இலையைக் கருக்கும், கீழே கிழங்குக்குச் சேதி கூடப் போகாது. உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கி, அவருடைய செம்பருத்தியின் இலை ஓரத்தைத் தீய்த்தது. இப்போது அந்தச் செய்முறையைப் பற்றி யாரும் அவரிடம் கேட்பதில்லை. அவர் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துதான் நடைப்பயிற்சிக்கு வருகிறார்.

சரி, பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களையே கூப்பிட்டுவிடலாம் என்று முடிவெடுத்த அன்று அம்மா குறுக்கே வந்தார்.

"எதைக் கண்ணு அழிக்கப் போற? வா, காட்டு."

கூடையோடு முன்னால் நடந்தார். நான் கை காட்டிய இடத்திலெல்லாம் அவரிடம் பதில் இருந்தது. "இது கீழாநெல்லி, மஞ்சக்காமாலைக்கு. இது குப்பைமேனி, சொறிக்கு. இது மூக்கிரட்டை, இதைக் கடைஞ்சுதான உங்கப்பா சாப்பிட்டாரு. தும்பை, சளிக்கு. அருகம்புல்லா? பிள்ளையார் கேட்டா என்ன சொல்லுவ?"

நாயுருவிக்குக் கூட வக்காலத்து இருந்தது, பல் விளக்குவதற்காம். எங்கள் வீட்டில் எல்லோரும் பற்பசை உபயோகிக்கிறோம் என்ற வாதம் எடுபடவில்லை. பார்த்தீனியத்துக்கு மட்டும்தான் யாரும் ஜாமீனுக்கு வரவில்லை. தோல் அரிப்பும் மூச்சுத்திணறலும் தருகிற அதை, கையுறை மாட்டி, பூப்பதற்குமுன் வேரோடு பிடுங்க அம்மாவே உத்தரவிட்டார். மற்றவை எல்லாம் நிபந்தனையோடு விடுதலை.

ஒரு சமரசம் ஏற்பட்டது. அம்மா முதலில் கூடையோடு ஒரு சுற்று வந்து வேண்டியதைப் பறித்துக்கொள்வார். அப்புறம் கல் இடுக்குகளில் நான் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவேன். நம்பமாட்டீர்கள், சின்னச் செடிகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. வேர் ஊன்றிய அருகுக்குத் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். செருப்பில்லாமல் மட்டும் இறங்காதீர்கள். காய்ந்தபின் இடுக்கைச் சுரண்டி, காய்ந்த மணலைத் துடைப்பத்தால் தள்ளி நிரப்பினால் புது விதைக்கு இடம் குறைகிறது. கேஸ் சிலிண்டர் சீக்கிரம் தீர்கிறது என்று மனைவி சொல்கிறார். நாயுருவி போனதால் சத்தம் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

மிச்சம் இருந்தது பாத்தியில் கோரை. அதற்கென்றே ஹாலோசல்ஃபியூரான் என்ற மருந்து கரும்புத் தோட்டங்களில் அடிக்கிறார்கள். என் பாத்தியில் இருப்பதோ கத்தரியும் வெண்டையும், அவற்றையும் சேர்த்துப் படுக்கவைத்துவிடும். கையால் இலையைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே இருந்து, பக்கத்துக் கிழங்குகளையும் எழுப்பிவிடும். அதனால் களை எடுக்க வரும் அக்காவைக் கூப்பிட்டு, கொத்தால் ஆழமாகத் தோண்டி, சங்கிலி சங்கிலியாகக் கிழங்கை எடுக்கச் சொன்னோம். ஒரு சட்டி நிறைய வந்தது. வெயிலில் நன்றாகக் காய்ந்தால் செத்துவிடும், பிறகு குப்பையில் போடலாம் என்று மொட்டைமாடியில் பரப்பினேன்.

சாயங்காலம் அம்மா மாடிக்குப் போய்விட்டு வந்தார். "கோரைக்கிழங்கை யாராச்சும் எறிவாங்களா? நாட்டு மருந்துக் கடையில காசு குடுத்து வாங்குறாங்க. குளியல் பொடிக்கு ஆகும்."

சட்டி இப்போது பூஜை அறைக்கு அடுத்த அலமாரியில் இருக்கிறது. அடுத்த வாரம் அரைவை மில்லுக்குப் போக வேண்டும், என்னோடு.