கிரானாக் மாடல்: தூண் வேலை முடிந்தது

கடைசித் தூணும் அசையாமல் நின்றுவிட்டது! கிரானாக் என்றால் ஏரித் தண்ணீருக்குள் மனிதர்கள் அமைத்த பழங்காலக் குடியிருப்பு. ஸ்காட்லாந்தின் டே ஏரியில் இருந்த ஓக்பேங்க் கிரானாக்கைத்தான் 1:72 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். சுமார் 2500 வருஷத்துக்கு முன்னால் கரையோர ஆழமில்லாத தண்ணீரில் மரத்தூண்களை இறக்கி, மேலே தளம் போட்டு, அதில் வட்ட வீடு கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். தொல்லியலாளர் நிக்கோலஸ் டிக்சன் குழு 1980இலிருந்து முங்கி முங்கித் தோண்டிய இடம் அது.

என்னைப் பாடாய்ப் படுத்தியது தூண்தான். துளை போட்டுப் பசை வைத்து நட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும், ஆனால் பார்த்தவுடனே பொய் தெரியும். நிஜத்தில் ஆல்டர் மரத்தைக் கூராகச் செதுக்கி ஏரிச் சேற்றில் இறக்கியிருக்கிறார்கள், அந்தக் கூர் முனைகளில் கோடாலி வெட்டு இன்னும் தெரிகிறது. அதே ஏரிக்கரையில் கென்மோர் என்ற ஊர்ப் பக்கத்தில் 1997இல் திறந்த முழு அளவு மாதிரி வீட்டைக் கட்டும்போது, தூணில் குறுக்குக் கட்டை கட்டி, மத்து கடைவது மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி அழுத்தித்தான் இறக்கினார்களாம். அதையே சின்ன அளவில் செய்து பார்த்தேன்.

3 மி.மீ. வேப்பங்குச்சி, பட்டையோடு (அசலில் 21, 22 செ.மீ. பருமன் வரும்). அடியில் களிமண்ணும் மெல்லிய மணலும். சுத்தியலால் தட்டினால் தலை பிளக்கிறது, குச்சி சாய்கிறது, பக்கத்துத் தூணும் ஆடுகிறது. பின் வைஸில் (மெல்லிய குச்சியை இறுக்கிப் பிடிக்கும் சின்னக் கைக்கருவி) பிடித்து அரைச்சுற்று வலது, அரைச்சுற்று இடது என்று திருப்பி லேசாக அழுத்தினால் வெண்ணெயில் போவது போல இறங்குகிறது, மண் தானே சுற்றி இறுகிக்கொள்கிறது. அந்தக் காலத்து ஆட்களின் கைப்பழக்கத்தை என் விரல் கண்டுபிடித்த சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையை இன்னொரு முறை செய்வேன்.

ஒரு தொல்லை மட்டும் பாக்கி. ஏரி காயாது, நம் களிமண் காயும். காய்ந்தால் சுருங்கித் தூணைச் சுற்றி இடைவெளி விடுகிறது. மண்ணில் மரத்தூளும் ஃபெவிகாலும் கலந்ததில் சுருக்கம் பாதியாகக் குறைந்தது, மிச்ச இடைவெளியில் தண்ணீர் விட்ட ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

அடுத்தது தண்ணீர். அதற்காக ஆன்லைனில் வாங்கிய, ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் எபாக்சி ரெசின் மஞ்சளித்தே வந்து சேர்ந்தது, திருப்பியும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். வேறு கடையில் ஆர்டர் கொடுத்திருக்கிறேன். அதற்குள் தூண்களுக்கு வார்னிஷ் அடித்துவிட வேண்டும், பூச்சில்லாத மரம் ரெசினுக்குள் காற்றை விட்டுக் குமிழியாக்கும்.

கூரைக்கு நாணலா, தேங்காய் நாரா என்பது முடிவாகவில்லை. கென்மோர் வீட்டின் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த வீடு 2021 ஜூனில் தீக்கிரையானது இப்போதும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எதிர்க்கரையில் டாலெர்ப் என்ற இடத்தில் 2024இல் புதிய மையம் திறந்துவிட்டார்கள், அங்கிருந்து வரும் படங்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்காட்லாந்தின் மேற்கே இருக்கும் லூயிஸ் தீவுக் கிரானாக்குகள் வேறு கண்ணை இழுக்கின்றன. 2012இல் கிறிஸ் மர்ரே என்ற முங்குநீச்சல்காரர் அங்கே ஏரியடியில் பானைகளைப் பார்த்தார், அப்புறம் நடந்த ஆய்வில் சில தீவுகள் கி.மு. 3640–3360 காலத்தவை என்று தெரிந்தது. அதெல்லாம் கல் குவித்த தீவு. ஆற்றங்கரைக் கூழாங்கல்லை இப்போதே சலித்து அளவுவாரியாகப் பிரித்து வைக்க ஆரம்பித்துவிட்டேன்.