பாலின அங்கீகாரச் சான்றிதழுக்குப் போனபோது நான் கண்ட மருத்துவபீட மாணவர்கள்

இலங்கையில் பிறப்புச் சான்றிதழில் பாலினத்தை மாற்றிக்கொள்ள விரும்பும் திருநர்களுக்கு, 2016ஆம் ஆண்டு சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகம் திணைக்களமும் வெளியிட்ட சுற்றறிக்கைகள் ஒரு வழியைத் திறந்தன. மனநல வைத்திய நிபுணர் மதிப்பீடு செய்து ஒப்பமிடும் பாலின அங்கீகாரச் சான்றிதழோடு பதிவாளரிடம் போக வேண்டும். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த திருநம்பியான நான் (பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவன்), அந்த ஒப்பத்துக்காகப் போதனா வைத்தியசாலை ஒன்றின் மனநல கிளினிக்குக்கு நெடுநாள் பஸ் ஏறிப் போய்வந்தேன். படிவங்களைப் பற்றிச் சொல்லித்தரப் பலர் இருந்தார்கள். நிபுணருக்கு முன்பு மாணவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று மட்டும் எவரும் சொல்லவில்லை.

முதல் நாள் என்னிடம் விவரம் கேட்க வந்த இறுதியாண்டு மாணவர்களில் ஒருவர், என் பெயரைக் கேட்பதற்கு முன்பே கிளினிக் புத்தகத்தில் இருந்த அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்தார். நம் நாட்டு இலக்கத்தில் பிறந்த நாளைக் குறிக்கும் எண்ணோடு பெண்களுக்கு 500 கூட்டப்படும் என்பதால், என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமலே அவரால் தாளில் 'பெண்' என்று எழுதிவிட முடிந்தது. அப்பா குடிப்பாரா, சிறுவயதில் யாரேனும் தொல்லை கொடுத்தார்களா, லயத்தில் எத்தனை பேர் ஒரே அறையில் படுப்பீர்கள் என்று கேள்விகள் நீண்டன. நான் ஆணாக வாழ விரும்புவதற்குத் தோட்டத்து வறுமையில் ஒரு காரணம் கிடைத்தே தீரும் என்று அவர்கள் நம்பியதாக எனக்குத் தோன்றியது. திருநர் மீதான தயக்கமும் தோட்ட மக்கள் மீதான பழைய அபிப்பிராயமும் அந்தக் கேள்விகளில் ஒன்றாகவே வந்தன. எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று இன்றும் என்னால் பிரிக்க முடியவில்லை.

எனக்குச் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும். ஆகவே குழுவில் இருந்த ஒரே தமிழ் மாணவி மொழிபெயர்த்தார். உடலைப் பற்றிய கேள்விகள் வந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு சிலவற்றை விழுங்கிவிட்டதைக் கவனித்தேன். அது அன்பினாலா, கூச்சத்தினாலா என்று தெரியாவிட்டாலும், நிபுணரின் மதிப்பீட்டுக்குத் தேவையான பதில்கள் என் கோப்பில் பாதியாகவே சேர்ந்தன.

பின்னர் நிபுணர் என்னை மாணவர்கள் முன்னிலையில் நான் தேர்ந்த பெயரால் அழைத்து, அவர்கள் அங்கே இருக்கச் சம்மதமா என்று கேட்டார். மறுத்தாலும் சிகிச்சை நிற்காது என்பதை அன்றுதான் அறிந்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் பதினோராவது திருத்தத்தில், ஒருவர் உணரும் பாலினமும் பிறப்பில் பதியப்பட்ட பாலினமும் பொருந்தாத நிலை உளநோய்களின் பட்டியலில் இல்லை, பாலியல் சுகாதாரம் என்ற தனிப்பகுதிக்கு மாற்றப்பட்டுவிட்டது என்று அவர் அவர்களுக்கு விளக்கினார். அடுத்த முறை அதே மாணவர்கள், "அண்ணா, இதைக் கேட்கலாமா?" என்று தொடங்கினார்கள்.

அவர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் ஹோர்மோன் சிகிச்சைக்காக அனுப்பப்பட்ட இன்னொரு கிளினிக்கில் வைத்தியர் என் குரலைப் பற்றிக் கேலியாக ஏதோ சொன்னபோது, அங்கே நின்ற மாணவர்களில் இருவர் அந்தக் குழுவினரே, அவர்களும் சிரித்தார்கள். வெறுப்பு என்று அதைச் சொல்ல மாட்டேன். முன்னே நிற்கும் பெரியவரின் முகத்தைப் பார்த்து நடந்துகொள்ளப் பழகியவர்கள் அவர்கள். அதனால் ஒரு விரிவுரை தரும் அறிவைக் காட்டிலும் கிளினிக்கில் நிபுணர் நோயாளியை அழைக்கும் விதம் அவர்களிடம் அதிகம் பதிகிறது என்பதே என் கணிப்பு.

சான்றிதழ் கிடைத்தது, பிறப்புப் பதிவும் திருத்தப்பட்டது. தோட்டத்தில் வசிப்பவர்களின் அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்த வேண்டும் என்பதால் துரையிடமும் ஒருமுறை எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஒப்பமிட்டார். ஹோர்மோன் கிளினிக்குக்கு இன்னும் போகிறேன். மாணவர் குழு அங்கே மாறிக்கொண்டே இருப்பதால், புத்தகத்தை அவர்கள் திறக்கும் முன்பே என் பெயரையும், எந்தக் கேள்விகளுக்கு நிபுணரிடம் மட்டுமே பதில் சொல்வேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.