அஞ்சு இஞ்ச்சும் ஒரு முக்காலியும்

மச்சினன் தன் ஜிப்ஸி ஜீப்பைத் தூக்கிட்டான். திருட்டு இல்லைங்க, உயரம்.

அச்சுக்கு அடியில் இருந்த கமான் பட்டைகளை அச்சுக்கு மேலே உட்கார வைத்தால் வண்டி சுமார் 5 இஞ்ச் எழும்பும். அதைச் செய்துவிட்டு வந்து நிற்கிறான். வீட்டில் அதன் முதல் விளைவு, வண்டியில் ஏற அத்தை முக்காலி கேட்டது. இரண்டாவது, ஐம்பதைத் தாண்டினால் கிளம்புகிற "டுர்ர்ர்".

ஞாயிறு காலை அந்த டுர்ர்ருக்கு வைத்தியம் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. டயர் பேலன்ஸ் என்றார் மேல்வீட்டுக்காரர். என்ஜின் மவுண்ட் என்றார் அயர்ன் கடைக்காரர். ரவுண்டு போய்வந்து, மாவுத் தூக்குப்போசியோடு பின்சீட்டில் இருந்த அத்தைதான் சொன்னார்: "ஒரே சீரா சுத்தலீங்க மாப்பிள்ளை, நம்ம பழைய கிரைண்டராட்ட இழுத்து இழுத்து விடுது." அவ்வளவுதான் விஷயம். மற்றவர்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துவிடும் பெட்டி) பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது ஷாஃப்ட். அதன் முனைகளில் கோணத்தில் மடங்கியபடியே சுற்ற விடும் மூட்டுதான் கிராஸ். சாதாரண கிராஸ் வளைந்து சுற்றும்போது, சீராக உள்ளே போகிற வேகம் வெளியே சீராக வராது. ஒரு சுற்றுக்கு இருமுறை ஏறி இறங்கும். 17 டிகிரி வளைவில் உள்ளே 1,000 என்றால் வெளியே 956-க்கும் 1,046-க்கும் நடுவே ஊசலாடும். மறுமுனைக் கிராஸும் அதே கோணத்தில் இருந்து, இரண்டு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவட்டை) ஒரே நேரில் நின்றால்தான் அந்த ஊசலாட்டம் அங்கே அடிபட்டுப்போகும்.

ஆங்கிள் மீட்டரை வைத்துப் பார்த்தால் மேல்முனை 17, கீழ்முனை 1. பட்டறையில் பட்டை உட்காரும் மேடையை வெல்டு வைக்கும்போது, பினியன் மூக்கை, அதாவது ஷாஃப்ட் வந்து சேரும் அச்சின் முனையை, அண்ணாந்து டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்கத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். ஒரே முனையில் இரண்டு கிராஸ் அடுத்தடுத்து இருக்கிற டபுள் கார்டன் ஜாயிண்ட்டுக்கு அதுதான் முறை. ஆனால் போட்டிருப்பது கம்பெனி ஷாஃப்ட், இரண்டு பக்கமும் ஒற்றைக் கிராஸ். மாப்பிள்ளைக்குத் தைத்த சட்டையை மாமனாருக்குப் போட்ட கதை. போதாததற்கு, ஷாஃப்ட் நீண்டு குறுக விடும் ஸ்லிப்பைக் கழற்றி மாட்டியதில் அதன் பல்வரிசை (ஸ்ப்லைன்) ஒரு பல் தள்ளி உட்கார்ந்து, இரண்டு யோக்கும் நேர் தப்பியிருக்கிறது. கழற்றும் முன் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. அதற்குக்கூடக் கஞ்சத்தனம்.

பினியனை மறுபடி தாழ்த்தி இரு முனையும் 17 ஆக்கினால் கணக்கு நேராகும். ஆனால் ரோட்டு வேகத்துக்கு அந்தக் கோணம் கிராஸைத் தின்றுவிடும். அதனால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் டபுள் கார்டன். பினியன், ஷாஃப்ட்டின் நேருக்கு 1, 2 டிகிரி கீழே. ஆக்சிலேட்டர் மிதித்தால் பட்டை முறுக்கி மூக்கைத் தூக்கும், அதற்குத்தான் இந்த இடம். சுத்தமாக நேராக வைத்தாலும் வம்பு: ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் குத்திக் குழி போடும்.

"கார் ஆக்சில் மாதிரி ரப்பர் பூட் ஜாயிண்ட் போட்டா என்ன மச்சான்?" சீராகத்தான் சுற்றும். செங்குத்துக் கோணத்தில் பூட் மடிந்து உரசிக் கிழியும், கிரீஸ் வெளியே, மண் உள்ளே. காட்டில் கிராஸை மாற்றச் சுத்தியலும் சர்க்ளிப் பிளையரும் போதும்.

மாட்டியதும் சேஸியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் ஒரு முழுச்சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது யோக் காது இடித்தால் பட்டை அதற்குமேல் தொங்காதபடி ஸ்ட்ராப். ஸ்லிப் கழன்று வராமல் பிடித்திருக்கிறதா, வண்டி அமுங்கும்போது உள்ளே போக இடமிருக்கிறதா, அதையும். டபுள் கார்டன் நடுவில் இருக்கிற சின்ன உருண்டைக்கு ஊசிமூக்கு கிரீஸ் கன் வேண்டும். எல்லாரும் மறப்பது அதைத்தான், முதலில் போவதும் அதுதான். முன் அச்சில் இதே வேலையைக் காட்டி பினியனைத் தூக்கினால் காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டியரிங் அலையும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறது.

டுர்ர்ர் நின்றது. மிஞ்சிய பழைய ஷாஃப்ட் பைப்பை அறுத்து, அம்மா ஏறுவதற்கென்று சேஸிக்கு அடியில் மச்சினன் ஒரு படி தொங்கவிட்டிருக்கிறான். ஆறு இஞ்ச் கீழே. ஏற்றியதே அஞ்சுதான். முதல் கல்லில் இடிக்கும் என்றால், "இடிக்கட்டும், நிமித்திக்கலாம்" என்கிறான்.

அத்தை ஏறிப் பார்த்தார். "அந்த முக்காலியவும் உள்ளே போட்டுக்க கண்ணு."