மலருக்கு எத்தனை தட்டு?

இரண்டாம் வகுப்பு எடுக்கத் தொடங்கிய முதல் வருடமே, பிள்ளைகளுக்கு அசை பிரிக்க, அதாவது சொல்லை ஒலித்துண்டுகளாகப் பிரிக்கச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். எழுத்தெல்லாம் தெரியும், சொல்தான் சேரவில்லை என்கிற நிலையில் பாதி வகுப்பு இருந்தது. செய்யுளுக்கான யாப்பிலக்கணம் படித்த மிதப்பு வேறு எனக்கு. கரும்பலகையில் ‘மலர்’ என்று எழுதி, “இது ஒரே அசை, ஒரு தட்டு” என்று கையைத் தட்டிக் காட்டினேன். முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் தட்டவில்லை. உதட்டை அசைத்து இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.

“ரெண்டு வருதே டீச்சர். ம... லர்.”

“இல்லம்மா, ஒண்ணுதான்” என்று அடித்துச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் தனியாக உட்கார்ந்து சொல்லிப் பார்த்தபோது எனக்கும் இரண்டுதான் வந்தது.

யாப்பில் குறில் இரண்டு சேர்ந்து ஒற்றோடு, அதாவது மெய்யெழுத்தோடு வந்தால் நிரை என்கிற ஒரே அசை; மலர் ஒன்றுதான். ‘கடல்’, ‘பழம்’, ‘நிலா’ எல்லாமே அங்கே ஒன்றுதான். அது செய்யுளின் நடையை அளக்கிற கோல். பேசுகிற வாய்க்கு அந்தக் கணக்கு கிடையாது. ஓர் உயிரொலிக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளைக்கு வாசிக்க உதவுவது இந்த இரண்டாவது கணக்கு. மறுநாள் வகுப்பில் “நேத்து நான் சொன்னது தப்பு, மலருக்கு ரெண்டு தட்டு” என்றேன். அந்தப் பெண் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அவளுக்குத்தான் முன்பே தெரியுமே.

அதற்கப்புறம்தான் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒரு பையன் ‘பட்டம்’ என்ற சொல்லை “ப, இட், ட, இம்” என்று பிசகில்லாமல் கூட்டினான். சரி, என்ன சொல் என்றேன். பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு “காத்தாடி” என்றான். குற்றம் அவனுடையது அல்ல. மெய்யெழுத்தைத் தனியாகச் சொல்ல வராது என்பதால் முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்கு வைத்து இக், இங், இச் என்று பெயர் சொல்லிப் பழக்குகிறோம். பெயருக்கு அது சரி. சொல்லைச் சேர்க்கும்போது அந்த இகரம் இறங்க மறுக்கிறது. இரண்டு தட்டுச் சொல் நான்கு தட்டாகிவிடுகிறது. அந்த நான்கையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் பட்டம் வராது.

அதனால் விதியைப் பிள்ளைகள் மொழியிலேயே வைத்தோம்: புள்ளி வெச்ச எழுத்து முன்னாடி இருக்கிறதோட ஒட்டிக்கும். பட்-டம். அம்-மா. ஒரு வாரம் எல்லாம் சுகமாகப் போயிற்று. அப்புறம் ‘வாழ்க்கை’ வந்தது. “ழ் வாவோட ஒட்டிக்குச்சு, க் எங்க போகும்?” என்று ஒருவன் கேட்டான். இரண்டுமே வாவோடுதான், வாழ்க்-கை. பார்த்-தான், நாய்க்-குட்-டி. இரட்டைப் புள்ளி வருகிற இடத்தில் முதல் புள்ளி ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. பாடப்புத்தகத்தைப் புரட்டி அவர்களே கண்டுபிடித்தார்கள். ‘ஸ்கூட்டர்’ என்று ஒருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். ஒட்டிக்கொள்ள முன்னால் எழுத்தே இல்லை. வகுப்பு மொத்தமும் “இஸ்-கூட்-டர்” என்று மூன்று தட்டுத் தட்டி முடித்துவிட்டது. நானும் விட்டுவிட்டேன்.

கையில் காகிதமும் கத்தரிக்கோலும் கொடுத்தது என் இன்னொரு யோசனை. சொல்லை எழுதி, தட்டு முடிகிற இடத்தில் வெட்ட வேண்டும். ‘தொப்பி’யை ஒரு சின்னப் பையன் நான்காக வெட்டி வைத்திருந்தான். முதல் துண்டில் ஒற்றைக் கொம்பு மட்டும் அநாதையாக இருந்தது. அவன் கண்ணுக்கு அதுவும் ஓர் எழுத்து. காதால் பிரிக்கத் தெரிந்த பிறகே கண்ணால் பிரிக்க விட வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதிலிருந்து முதல் ஒரு மாதம் கரும்பலகைப் பக்கமே போவதில்லை. வாயும் கையும் மட்டும்தான். தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்க்கிற வித்தையையும் முயன்றேன். அகரம், ஆகாரத்துக்குத் தாடை நன்றாக இறங்குகிறது. ‘குருவி’க்கு அசைவே தெரியவில்லை. கைத்தட்டலே தேவலாம்.

காதால் பிரிப்பதிலும் ஒரு பொறி உண்டு. ‘பந்து’ என்பதைப் பந்-து என்று பிரித்து, பந் சொல்லி நிறுத்தி, து சொல்லச் சொன்னால், ‘பத்து’வில் வருகிற வல்லின ஒலியோடுதான் பிள்ளை சொல்கிறது. மெல்லினத்தை ஒட்டி வரும்போதுதான் அது மென்மையாகிறது. நடுவில் நிறுத்தினால் அந்த ஒட்டு அறுந்துவிடுகிறது. தினமும் பந்து விளையாடுகிற பிள்ளை, தான் பிரித்த இரண்டு துண்டையும் சேர்த்துவிட்டு, இது என்ன சொல் என்று விழிக்கிறது. ‘தங்கம்’, ‘வண்டி’, ‘பாம்பு’ எல்லாவற்றிலும் இதே கதைதான். ஆகவே ஒவ்வொரு முறையும் பிரித்த கையோடு சேர்த்துச் சொல்ல வைக்கிறேன். பிரிப்பதற்கு ஆகிற நேரத்தைவிடச் சேர்ப்பதற்கு இரண்டு மடங்கு நேரம் கொடுக்கிறேன்.

நீளச் சொற்களில்தான் இந்தத் தட்டு தன் கூலியைக் கொடுக்கிறது. ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்பதில் 12 எழுத்து. கூட்டிக்கொண்டே கடைசிக்குப் போவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். தட்டாகப் பிரித்தால் 7: வந்-து-கொண்-டி-ருந்-தார்-கள். பெரும்பாலோர் இதில் கரையேறிவிடுகிறார்கள். ஆனால் அந்த டி-ருந் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஒலி சரியாக இருக்கிறது. ‘இருந்தார்கள்’ என்ற சொல் உள்ளே புதைந்துபோகிறது.

காத்தாடி என்று சொன்னவன், கதையை வாசிக்கும்போது இடது கை விரலால் தொடையில் தட்டிக்கொண்டே வாசிப்பான். அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆண்டு முடியப் போகிற சமயம், ஒரு பக்கத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். அந்தச் சொல் வந்தது. மேசைக்குக் கீழே அவன் விரலைப் பார்த்தேன். வந்து, கொண்டு, இருந்தார்கள். மூன்றே தட்டுதான் தட்டினான். அப்படிப் பிரிக்க நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை.