க்வில்ட்டில் சிக்குக் கோலம்: புள்ளியை எதால் வைப்பது?

க்வில்ட் என்பது இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. அதில் கோலம் தைக்கும் ஃப்ரீ மோஷன் முறையில், துணியைத் தள்ளும் மெஷின் பல்லை இறக்கிவிட்ட பிறகு துணியை நகர்த்துவது நம் கைதான். துணியில் வரைந்த கோட்டைக் கண் தேடித் தடுமாறும்போது கை நின்றுவிடும், ஊசி நிற்காது. அந்த இடத்தில் நூல் குமிந்து முடிச்சாகும். தைத்து முடிக்கும் வரை அடையாளம் பளிச்சென்று தெரிய வேண்டும், முடிந்ததும் சுவடில்லாமல் போக வேண்டும்.

காற்றில் தானே மறையும் ஊதாப் பேனாவைப் புதுச்சேரி, கடலூர் பக்கம் வாங்கவே வேண்டாம் என்பேன். காற்றில் ஈரம் கூடக் கூட அந்த மை சீக்கிரம் மறையும். ஐப்பசி மழையில் ஒரு மூலையைத் தைத்துவிட்டு வருவதற்குள் மறு மூலை வெறுந்துணியாக இருக்கும். வெளிர் துணிக்குத் தண்ணீரில் போகும் நீலப் பேனாதான் சரி. துணியை முதலில் அலசி, லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பிறகு வரைந்தால் பேனா நுனி இழுபடாது.

சூடு பட்டால் மறையும் ஜெல் பேனா வசதியாகத் தோன்றும். ஆனால் அந்த மை போவதில்லை, நிறம் மட்டும்தான் மறைகிறது. கடுங்குளிரில் கோடு திரும்ப வரும். நம் ஊரில் அந்தக் குளிர் கிடையாது. கனடாவில் இருக்கும் பேத்திக்கு அனுப்புகிற க்வில்ட் என்றால் யோசியுங்கள். அடர்ந்த நிறத் துணியில் வெளிறிய தடமும் விடலாம்.

சிக்குக் கோலம் ஃப்ரீ மோஷனுக்கென்றே பிறந்தது போல இருக்கும்: நூலை அறுக்காமல் சுற்றிச் சுற்றி வரலாம். ஆனால் எல்லாக் கோலமும் ஒரே இழையில் முடியாது. காகிதத்தில் வரைந்து, விரலை எடுக்காமல் ஓட்டிப் பாருங்கள். தொடங்கிய இடத்துக்கு வரும்போது கோடு மிச்சமிருந்தால் அங்கே நூலை முடிந்து வேறு இழை தொடங்க வேண்டும். இரண்டு புள்ளிக்கு நடுவில் கோடுகள் வெட்டும் இடத்தில் திரும்பாமல் நேரே போங்கள். வழி தவறுவது பெரும்பாலும் அங்கேதான்.

கை பழகியவர்களுக்குப் புள்ளி மட்டும் போதும். 1 இஞ்ச் இடைவெளியில் ஐந்துக்கு ஐந்து வைத்தால் 6 இஞ்ச் சதுரத்துக்குள் அடங்கும். அரை இஞ்சுக்கு இறங்கினால் வளைவு நெருங்கி முனை முனையாக வரும். பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் துளை போட்டு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம். ஒன்றை மறக்காதீர்கள்: கோட்டின் மேல் நூல் ஓடி அதை ஓரளவு மறைக்கும், புள்ளியை நூல் சுற்றித்தான் போகும். புள்ளி அப்படியே வெளியே தெரியும் என்பதால் முழுக்கப் போகிற மையைத் தவிர வேறெதையும் அதற்குத் தொடாதீர்கள். பென்சில் கூடாது.

கறுப்பு, கருநீலத் துணிக்குப் பொடிதான். பட்டர் பேப்பரில் கோலத்தை வரைந்து, மூன்று நான்கு தாளை அடுக்கி, மெஷினில் நூல் கோக்காமல் 2 மி.மீ. தையலில் கோட்டின் மேல் ஓட்டுங்கள். பின்பக்கம் துருத்தும் ஓரத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால்தான் துளை திறக்கும். சாக்பீஸைப் பொடித்து மெல்லிய துணியில் சலித்து, தாளைக் க்வில்ட் மேல் வைத்து, பழைய பனியன் சுருளில் பொடியைத் தொட்டுத் துளைகளின் மேல் தேய்க்க வேண்டும். தட்டினால் புழுதி பறந்து கோடு கலங்கிவிடும். வீட்டில் கோலமாவு இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அரிசி மாவுக்கு எறும்பு வரும், கல்மாவு மெஷினில் அடிநூல் இருக்கும் பாபின் கேஸில் போய் அரைக்கும். மெஷின் பாதம் துள்ளும்போது பொடி உதிரும், ஆகவே ஒரு கட்டத்துக்கு மட்டும் போட்டுத் தைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தேய்ந்த சோப்புச் சில்லால் மேலே ஒரு முறை இழுத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் தாங்கும். எண்ணெய்ப் பசை உள்ள குளியல் சோப்பு மட்டும் வேண்டாம், கறை விடும்.

ஆரி வேலைக்கு டிரேஸ் எடுக்கும் மண்ணெண்ணெய்க் கலவையையும் இதற்குத் தவிருங்கள். உள்ளே இருக்கும் பஞ்சு அதைக் குடித்துவிடும், வாடை லேசில் போகாது.

நீலத்தை எடுக்கத் தண்ணீர் தெளித்தால் போதாது. மை பஞ்சுக்குள் இறங்கி, காயும்போது மேலே வரும். சோப்புத்தூள் போடாமல் பச்சைத் தண்ணீரில் முழு க்வில்ட்டும் மூழ்கும்படி ஊறவைத்து அலசுங்கள்; சலவை சோடா கலந்த தூள் முதலில் பட்டால் நீலம் பழுப்பாகி நிலைத்துவிடலாம். சூடும் அதையே செய்யும். காய்ந்த பிறகு எங்காவது நீலம் தெரிந்தால் திரும்பவும் முக்குங்கள், அதுவரை இஸ்திரிப் பெட்டியை எடுக்காதீர்கள்.