ஸ்காபரோவில் இருந்து பார்த்த சியாகம்

ஊரில் எங்களுக்குக் கிரிக்கெட்டும் உதைபந்தும்தான். கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் அக்கா வீட்டு பேஸ்மன்ட்டில் இருந்துகொண்டு இரவு வேலைக்குப் போன காலத்தில்தான் கூடைப்பந்து அறிமுகமானது. வேலையிடத்தில் பிலிப்பினோக்காரரும் சோமாலியரும் சாப்பாட்டு நேரத்தில் ரொறன்ரோவின் கூடைப்பந்து அணியான ராப்டர்ஸ் பற்றியே பேசுவார்கள். அந்தப் பேச்சில் கலந்துகொள்ள ஆசைப்பட்டு மருமகனோடு ஆட்டம் பார்க்கத் தொடங்கினேன். "மாமா, அந்த 43ஆம் நம்பரைப் பாருங்கோ" என்று காட்டித் தந்தது அவன்தான்.

அந்த 43, பாஸ்கல் சியாகம். பவர் ஃபார்வர்ட், அதாவது கூடைக்குக் கிட்ட நின்று ஆடும் முன்கள ஆட்டக்காரர். கமரூனில் டூவாலாவில் பிறந்து, பாதிரியாராக வேண்டுமென்று குருமடத்தில் படிக்கப் போனவர். 17 வயதுவரை கூடைப்பந்தில் பெரிய நாட்டமில்லை. 18 வயதில் தனியாக டெக்ஸஸுக்கு வந்தார். அங்கிருந்து நியூ மெக்ஸிகோ ஸ்டேட் பல்கலைக்கழகம்.

அங்கே படிக்கும்போதுதான், 2014 அக்டோபரில், அவருடைய அப்பா கார் விபத்தில் இறந்துபோனார். மகன்களில் ஒருவராவது வட அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடவேண்டும் என்று கனவு கண்ட மனிதர் அவர். சியாகம் செத்தவீட்டுக்குப் போகவில்லை. போனால் திரும்பி வர விசா கிடைக்காமல் போய்விடும் என்ற பயம்.

இதை அறிந்த நாளில் இருந்து அவர் எனக்கு வெறும் ஆட்டக்காரர் இல்லை. சாவகச்சேரியில் என் அம்மா இறந்தபோது என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. ஊருக்குப் போனால் வழக்கும் போய்விடும். அக்கா போனார். கொள்ளி வைக்கவேண்டிய கடைசி மகன் நான், எல்லாவற்றையும் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். சியாகமும் நான்கு ஆண்பிள்ளைகளில் கடைசி. அவர் எப்படி அந்த வருடத்தைக் கடந்து மைதானத்தில் நின்றார் என்பதைப் பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் 2016 தெரிவில் 27ஆவது ஆளாக ரொறன்ரோ அவரை எடுத்தது. முதல் வருடம் ஆரம்ப ஐவரில் ஆடியவர், பாதியில் அந்த இடத்தை இழந்தார். மிசிசாகாவில் இருக்கும் ராப்டர்ஸ் 905 என்ற கீழ் அணிக்கு அனுப்பினார்கள். அங்கே கிண்ணத்தையும் வென்று, 2017 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கிக்கொண்டு வந்தார். ஊரில் படித்த படிப்பைத் தூக்கி வைத்துவிட்டுக் கீழிருந்து தொடங்கிய எங்கள் ஆட்களுக்கு இந்தப் பகுதி நன்றாக விளங்கும்.

பிறகு 2019. என்பிஏ இறுதித் தொடர் முதன்முறையாகக் கனடா மண்ணில் நடந்த இரவு. எதிரே கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், அவரைத் தடுக்க நின்றது டிரேமண்ட் கிரீன். தடுப்பாட்டத்தில் கிரீனை மிஞ்ச அந்தக் காலத்தில் ஆள் குறைவு. பந்தோடு உள்ளே புகுந்து, முதுகைக் கொடுத்து ஒரு சுழல் சுழன்று, மறுபக்கத்தால் போடுவார் சியாகம். எறிந்த 17இல் 14 உள்ளே போனது, 32 புள்ளிகள். அன்று பேஸ்மன்ட்டில் நாங்கள் போட்ட சத்தத்தில் மேலேயிருந்து அக்கா ஓடிவந்தார். ஜூன் 13 இரவு கிண்ணம் எங்களுடையது. "எங்களுடையது" என்று இந்த நாட்டில் நான் மனமாரச் சொன்ன முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

2024 ஜனவரியில் அவரை இந்தியானா பேசர்ஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள். வியாபாரம் என்று மருமகன் சொன்னான். சரி, வியாபாரம்தான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. அடுத்த மாதமே எதிரணிச் சட்டையோடு அவர் ரொறன்ரோவில் ஆட வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அது நியாயம்.

2025இல் பேசர்ஸ் அணியோடு மறுபடி இறுதித் தொடருக்கு வந்தார். எதிரணி ஒக்லஹோமா சிட்டி. அதன் நட்சத்திரம் ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர், ஹாமில்டனில் வளர்ந்த கனடாப் பிள்ளை. மருமகன் ஷேயின் பக்கம், நான் சியாகமின் பக்கம். ஏழாவது ஆட்டம் வரை இழுபட்டு ஒக்லஹோமா வென்றது. "எங்கட ஆள்தான் வென்றது, மாமா" என்றான். என்னுடைய ஆளும் எங்கட ஆள்தான் என்றேன்.